காசு கொடுத்துப் பார்த்த பூனை

இலஞ்சியில் குடியிருக்கிறவன் மிருகங்களைத் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை; அவை அவனைத் தேடிக்கொண்டு வரும். நடக்கிற தூரத்தில் குற்றாலம். சாரல் காலத்தில் அருவிக்கரைப் பக்கம் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால், வாங்கினது நீங்கள்தான், ஆனால் பழம் உங்களுடையது அல்ல என்று ஒரு குரங்கு வந்து தெரியப்படுத்திவிடும். ஊருக்குள்ளே திண்ணையில் நாய், தொழுவத்தில் மாடு, ஓட்டுக் கூரையில் பூனை. இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு, கடல் தாண்டிப் போய்க் கட்டணம் செலுத்திப் பூனை பார்த்துவிட்டு வந்தேன் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

குமாரர் கோயில் வாசலில் வைத்து என் நண்பர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். “காசு கொடுத்தாவே பூனையைப் பார்த்தீரு?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, நமக்கெல்லாம் தெரிந்த அந்தப் பழைய கதையைச் சொன்னார். திவசத்தன்று பால் சட்டியில் வாய் வைக்கிறதே என்று ஒருவர் வீட்டுப் பூனையைக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தாராம். அவர் காலத்துக்குப் பிறகு மகனும் மூடினான். பேரன் காலத்தில் வீட்டிலே பூனை இல்லை. திவசத்துக்குப் பூனை மூடாவிட்டால் குறையாகிவிடுமே என்று அவன் தெருத் தெருவாய் அலைந்து, காசு கொடுத்து ஒரு பூனை பிடித்து வந்து மூடினானாம். “அந்தப் பேரன் நீர்தான்” என்றார் நண்பர்.

நானும் அப்போது சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கேலிக்குப் பதில் ஒரு நீண்ட சரித்திரத்தில் இருக்கிறதென்று பட்டது. அதன் கடைசி ஏட்டிலே என்னுடைய பெயரும் இருக்கிறது.

முதலில் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக்குச் சிங்கப்பூர் அந்நிய ஊர் அல்ல. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் அங்கே போய்த் தஞ்சோங் பகார் பகுதியில் ஒரு குட்டித் திருநெல்வேலியையே உண்டாக்கினார்கள். 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் அமைத்து, 1946-ல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தினவர்கள் அவர்கள். இப்போது என் அக்காள் மகளும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறாள். 2025-ஆம் வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, “மாமா, ஒரு பூனையைத் தத்து எடுக்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள்” என்றாள். பிள்ளையைத் தத்து எடுப்பது தெரியும். பூனைக்கு இருக்கிற வீடு போதாதென்று சுவீகாரம் வேறா என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

ஒரு மாடி; வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும்; சோப்பிட்டுக் கையைக் கழுவவேண்டும். கோயிலுக்குள் நுழைகிற மாதிரிதான். உள்ளே கதவு இரட்டைக் கதவு, ஒன்றைச் சாத்தின பிறகே மற்றதைத் திறப்பார்கள். சுவரில் விதிகள் எழுதியிருந்தன. தூங்குகிற பூனையை எழுப்பாதே, தூக்காதே, அதுவாக வந்தால் தடவு, வராவிட்டால் காப்பியைக் குடி. மனிதனுக்கு இப்படி ஒழுக்கம் போதிக்கிற காப்பிக் கடையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பதினைந்து பூனைகள் இருக்கலாம். ஒன்று ஜன்னலோரத்தில் வெயில் காய்ந்தது. ஒன்று என் சட்டைப் பையில் இருந்த பேனாவை மோந்து பார்த்துவிட்டு, இந்த ஆளிடம் விஷயம் இல்லை என்று போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பெயர், உத்தேச வயது, எங்கே எந்த நிலைமையில் கிடைத்தது, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, மற்றப் பூனைகளைச் சகித்துக்கொள்ளுமா என்று எழுதியிருந்தது. எல்லாம் தெருவிலும் வாகனம் நிறுத்துமிடத்திலும் கண்டெடுக்கப்பட்டவை. வைத்தியம் பார்த்து, தடுப்பூசி போட்டு, குட்டி போடாதபடி சிகிச்சை செய்து, வீடு கிடைக்கிற வரைக்கும் அங்கே வைத்திருக்கிறார்கள். நாம் கொடுக்கிற கட்டணம் அந்தச் செலவுக்கு.

என் மருமகள் ஒரு சாம்பல் நிறப் பூனையின் முன்னால் உட்கார்ந்தாள். அதற்கு ஒரு கண் இல்லை. வயது ஏழு இருக்கும். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெண்மணி ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜன்னலுக்கு வலை உண்டா? வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள்? நோய் வந்தால் செலவு செய்ய முடியுமா? கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் உங்கள் குடும்பத்தில் பூனை இருந்ததா? இருந்தால், அது என்ன ஆயிற்று?

“மாமா, நம்ம இலஞ்சி வீட்டிலே பூனை இருந்திருக்கா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கடை முதன்முதலாக ஏற்பட்டது தைவானில். 1998-ல் தைபே நகரத்தில் ‘பூனைப் பூந்தோட்டம்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு காப்பிக் கடை திறந்தார்கள். அங்கே சுற்றுலா போன ஜப்பானியர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 2004-ல் ஒசாகா நகரத்தில் ‘பூனை நேரம்’ என்ற பொருளில் ஒன்று பிறந்தது. அப்புறம் ஜப்பான் முழுவதும் பரவிவிட்டது. காரணம் வேடிக்கை அல்ல. அந்த நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள் அநேகர், வளர்ப்புப் பிராணி கூடாது என்ற நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வீடு பிடிக்கவேண்டும். தனியாக வசிக்கிறவன் அலுவலகம் விட்டு வருகிற வழியில், ஒரு மணி நேரம் ஓர் உயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான். அதற்குத்தான் காசு.

2012-ல் வியன்னாவுக்கும் 2014-ல் லண்டனுக்கும் இந்தக் கடைகள் வந்தன. இதற்குள் ஒரு மாறுதலும் உண்டாயிற்று. காட்சிக்காகப் பூனை வைப்பதை விட்டு, கைவிடப்பட்ட பூனைக்கு வீடு தேடிக் கொடுக்கிற இடமாகக் கடையை நடத்தினால் என்ன என்று சிலர் நினைத்தார்கள். 2014-ல் ஜப்பானில் கீஃபு நகரத்திலும், அதே வருஷம் அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்திலும் அப்படிப்பட்ட கடைகள் திறக்கப்பட்டன. நம் நாட்டில் மும்பையில், வெர்சோவாப் பகுதியில் இதே நோக்கத்தோடு ஒரு கடை எழுந்தது. விலங்குக் காப்பகத்துக்குப் போகக் கால் தயங்குகிறவன்கூடக் காப்பிக் கடைக்குத் தயங்காமல் போவான் அல்லவா? போனவன் தனியாகத் திரும்பாமல் இருந்தால் நல்லது. இதுதான் அந்த யுக்தி.

சிங்கப்பூரில் முதல் கடை 2013 டிசம்பரில் ஆற்றங்கரையில் திறந்தது. ‘நெக்கோ நோ நிவா’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் பூனையின் தோட்டம் என்று அர்த்தம். அந்த ஊரின் கதைதான் எனக்கு மிகவும் ருசிகரமாக இருந்தது. சிங்கப்பூர் என்றால் சிங்கத்தின் ஊர். சிங்கத்தின் சின்ன உறவுக்கு அங்கே வீடு இல்லை! மக்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். 1989-லிருந்து அந்த வீடுகளில் பூனை கூடாது என்று விதி. அதை அடைத்து வைக்க முடியாது, வெளியே போய் அசுத்தம் பண்ணும், இரவிலே கத்தும் என்பது காரணம். நாயில் சில சிறிய ஜாதிகளுக்கு அனுமதி உண்டு. பூனைக்கு அதுகூட இல்லை. இரண்டே வருஷம் கழித்து, 1991-ல், அதே ஊரின் சுற்றுலாத் துறை ‘சிங்கப்புரா’ என்ற உள்ளூர்ப் பூனை ஜாதியை ஊரின் செல்லச் சின்னமாக்கி, ‘குச்சிந்தா’ என்று நாமகரணமும் செய்தது. ஆற்றோரத்தில் அதற்கு வெண்கலச் சிலை உண்டு. சிலை வைக்கலாம், வீட்டில் வைக்கக் கூடாது. நமக்கும் இந்தத் தர்மம் புதிது அல்ல. 2003-ல் சார்ஸ் நோய் வந்த சமயம் தெருப்பூனைகளை ஏராளமாகப் பிடித்துக் கொன்றார்கள். கடைசியாக 2024 செப்டம்பர் முதல் தேதியன்று தடை நீங்கிற்று. உரிமம் வாங்கிக்கொண்டு, அடையாளச் சில்லு பொருத்தி, வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். முப்பத்தைந்து வருஷம் ஒளித்து வளர்த்தவர்கள் அன்றைக்கு ஜன்னல் திரையை விலக்கியிருப்பார்கள்.

சரி, பூனைக்கும் மனிதனுக்கும் உள்ள ஒப்பந்தந்தான் என்ன? அதைப் பார்க்கக் கொஞ்ச தூரம் பின்னால் போகவேண்டும்.

சைப்ரஸ் தீவில் 2004-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சமாதியைப் பற்றி எழுதினார்கள். ஏறக்குறைய 9,500 வருஷங்களுக்கு முந்தியது. ஒரு மனிதன், அவனுக்கு ஒரு முழத்துக்குள், தனிக் குழியில், எட்டு மாதப் பூனை. அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. ஆகையால் யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேற்கு ஆசியாவில் மனிதன் தானியம் விளைவித்துச் சேர்த்துவைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் கட்டிக்கொண்டு வந்தான். பூனை அப்படி அல்ல, தானே நடந்து வந்தது.

எகிப்தில் அது தெய்வமாகவே ஆயிற்று. பூனை முகங்கொண்ட பஸ்தெத் தேவிக்குப் பூபாஸ்திஸ் நகரத்தில் பெரிய திருவிழா. ஆயிரக்கணக்கான பூனைகளைப் பதப்படுத்திக் காணிக்கையாக அடக்கம் செய்தார்கள். காலம் மாறிற்று. 1890-ல் அந்தப் பூனைச் சடலங்கள் சுமார் 19 டன், ஒரு லட்சத்து எண்பதாயிரம் பூனைகள் என்று கணக்கு, கப்பலேறி லிவர்ப்பூல் துறைமுகத்தில் ஏலம் போயின. வாங்கினவர்கள் வயலுக்கு எருவாகப் போட்டார்கள். அதே இங்கிலாந்திலே 1868-ல் லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் மூன்று பூனைகளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். மூன்றுக்கும் சேர்த்து வாரம் ஒரு ஷில்லிங். மிச்சச் சாப்பாட்டுக்கு எலி பிடித்துக்கொள்ளவேண்டியது. ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் படியில் பிடித்தம்! தெய்வம், எரு, குமாஸ்தா, எது ஆனாலும் மனிதனுக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் கணக்கு.

நம்முடைய தமிழில் பூனையின் நிலைமை இன்னும் சங்கடமானது. பழைய நூல்களில் வருவது வெருகு, அதாவது காட்டுப்பூனை. அதன் இளமைப் பெயர் குட்டி என்றும் பறழ் என்றும் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. முல்லை அரும்பை வெருகின் பல்லுக்கு ஒப்பிட்டுச் சங்கப் புலவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனாலும் அது மாலை மங்கினதும் கோழிக்குஞ்சு பிடிக்க வேலியோரம் பதுங்குகிற விரோதிதான். மாமல்லபுரத்திலே, 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி அந்தப் பெரும்பாறையைச் செதுக்கும்போது, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிற ஒரு பூனையையும், அதன் காலடியில் நம்பி நிற்கிற எலிகளையும் வைத்தான். மகாபாரதத்தில் வருகிற கபட சந்நியாசி அது. நமக்கு இன்றைக்கும் ‘ருத்திராட்சப் பூனை’ என்றால் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இரண்டு பேர் பூனையைப் பெருமைப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் கம்பர். ராமகதையைப் பாடத் துணிந்த தம்மை, பாற்கடலைக் கண்டு அது முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாக அவர் சொல்லிக்கொண்டார். ரசிகமணி டி.கே.சி. கம்பரைக் கொண்டாடி வாழ்ந்த குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது மறக்குமா? மற்றவர்கள் தென்கலை வைஷ்ணவப் பெரியவர்கள். ஆண்டவனை நாம் பற்றவேண்டுமா, அவன் நம்மைப் பற்றுவானா என்று வழக்கு வந்தபோது, வடகலையார் குரங்குக் குட்டியை உதாரணம் காட்டினார்கள். தாயின் வயிற்றைக் குட்டிதான் இறுகப் பிடித்துக்கொள்கிறது. தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் வாயிலே கவ்விக்கொண்டு போகிறது. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றுக்குப் பெயர். குரங்கு நியாயத்தைக் குற்றாலத்தில் யாரும் பார்க்கலாம். பூனை நியாயத்தை நான் ஒரே ஒரு முறை, எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

எங்கள் வீட்டு அரங்கில் ஒரு பெரிய பத்தாயம் இருந்தது. இரண்டு போக நெல்லும் அதற்குள்தான். பத்தாயம் இருந்தால் எலி, எலி இருந்தால் பூனை. எங்கள் ஆச்சி அதற்குச் சோறு வைப்பாள், மோர் ஊற்றுவாள், கொஞ்சமாட்டாள். “எலி பிடிக்குது, திங்குது. நம்ம என்ன சும்மாவா போடுதோம்?” என்பாள். 1868-ல் லண்டன் தபால்காரர்கள் போட்ட உத்தரவுக்கும் ஆச்சியின் வாக்குக்கும் வித்தியாசம் இல்லை.

பிறகு காலம் மாறிற்று. நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, அரிசியை மூட்டையாகக் கடையில் வாங்குகிற வழக்கம் வந்தது. 1989-ல், எனக்கு ஒன்பது வயதில், பத்தாயத்தைக் கழற்றிப் பலகை விலைக்குக் கொடுத்தார்கள். அதன் பின்னால் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. நெல் இல்லை, எலி இல்லை. பால் சட்டியில்தான் அதற்கு நாட்டம் போயிற்று. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. பூனை என்னிடம் மட்டும் பயப்படாது. ஆகையால் சாக்கு என் கையில் வந்தது.

சாக்கின் வாயைக் கட்டினது நான் அல்ல. ஆனால் சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், ஒரு தென்னந்தோப்பில் அவிழ்த்தது நான்தான். அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் என் காலடியிலேயே நின்றது. ஓடினது நான்.

இரண்டு இரவு குட்டிகள் கத்தின. ஆச்சி துணியில் பால் நனைத்து ஊட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் விடியற்காலத்தில் தாய் வந்து நின்றது. யாரும் விரட்டவில்லை, ஆச்சி மோரை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். அது வாய் வைக்கவில்லை. அரங்குக்குள் போயிற்று, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பட்டாசல் வழியாக, எங்கள் எல்லாருக்கும் நடுவே, வெளியே நடந்தது. திரும்பி வந்தது. இரண்டாவது. மறுபடியும் வந்தது. மூன்றாவது. பிறகு வரவில்லை. நாங்கள் அதைக் கைவிட்டது முதல் நாள். அது எங்களைக் கைவிட்டது மூன்றாம் நாள். ஆச்சி அன்றைக்கு வெகு நேரம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சட்டம் இதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், தக்க காரணம் இல்லாமல், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று விதி இருக்கிறது. அந்தச் சட்டம் இலஞ்சிக்கு வந்து சேர்ந்ததாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், உபயோகம் தீர்ந்துபோன ஜீவனை வைத்துக்கொள்வது எதற்காக என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இருந்திருக்காது. தபால் அலுவலகத்திலும் இருந்ததில்லை, எகிப்திலும் இருந்ததில்லை.

அந்தப் பதிலைத்தான் சிங்கப்பூர்க் காப்பிக் கடையில் பார்த்தேன். அங்கே எலி இல்லை. சாம்பல் பூனைக்கு ஒரு கண் போதாது, வயது அதிகம், அழகும் அவ்வளவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. யாருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. அதற்காக வலை போட்ட ஜன்னல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். ஒன்பதாயிரம் வருஷத்து ஒப்பந்தத்தில் எங்கும் எழுதாத ஷரத்து இது: வேலை செய்யாவிட்டாலும் இரு.

மருமகளிடம் நடந்ததைச் சொன்னேன். “அம்மா சொன்னதே இல்லையே” என்றாள். பிறகு அந்தக் கட்டத்தில், இருந்தது, வேலை இல்லை என்று ஆனதும் வெளியே விட்டுவிட்டோம் என்று எழுதினாள். எழுதவேண்டாம், பூனை கிடைக்காமல் போய்விடும் என்று சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சீனப் பெண்மணி நின்றபடியே படித்தார்; என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: “அதற்கு என்ன பெயர்?”

எங்கள் மாட்டுக்கு லெட்சுமி என்று பெயர். நாய்க்கு மணி. பூனைக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கவில்லை.

வீட்டைப் பார்வையிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சாம்பல் பூனையை அவளிடம் ஒப்படைத்தார்கள். முதல் நாலு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். ஐந்தாம் நாள் இரவு வந்து அவள் கால்மாட்டில் படுத்துக்கொண்டதாம்.

இதையெல்லாம் மறுநாள் குமாரர் கோயில் வாசலில் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரை வரைக்கும் பேசாமலே கூட வந்தார். பாலத்துப் பக்கம் வந்ததும், “சாக்கு எங்க வீட்டிலேயும் உண்டுவே” என்றார்.